மூணு டென்ட்

தம்பி, காலுக்கடியில நீளமா சுருட்டி வச்சிருக்கீங்களே, அது டென்ட்தான? பாத்த உடனே கண்டுபிடிச்சிட்டேன். மணப்பாட்டுக்கா? கடற்கரையில போட்டுத் தங்கப் போறீங்களோ? கூட்டாளிங்க எல்லாம் முன்னாடியே போயிட்டாங்களாக்கும். நல்லது, நல்லது. இந்த மாசத்துல விடியக்காலம் பனி இறங்கும், காதைச் சுத்தி ஒரு துண்டு கட்டிக்கிடுங்க. என்னடா, வேட்டி கட்டின ஆளு டென்ட்டப் பத்திப் பேசுதாரேன்னு நினைக்காதீங்க. நான் அமெரிக்காவிலேயே டென்ட்ல படுத்தவன். இதே மாதிரி வேட்டியோட. மேல எம்மவன் கோட்டு.

நான் ஆத்தூர்ல இறங்கணும். அதுக்கு நேரம் கிடக்கு, பஸ் இன்னும் தூத்துக்குடிக்கே வரல. சம்பந்தி வீட்டுக்குப் போறேன். சம்பந்தின்னு இன்னமும் சொல்லலாமா கூடாதான்னு தெரியல. வாய் அப்படித்தான் வருது.

விஷயம் என்னன்னா, எம்மவனும் மருமகளும் பிரிஞ்சுட்டாங்க. அமெரிக்காவுல, கோர்ட்டுல போய் முறையா முடிச்சுட்டாங்க. பிரிஞ்சதுகூட இருக்கட்டும் தம்பி. நாட்டுல நடக்காததா? எனக்கு என்ன ஆத்தாமைன்னா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. பெத்த தகப்பன். ஒரு மாசம் அவங்க வீட்டுலயே, அவங்ககூடவே இருந்துட்டு வந்திருக்கேன். ஒரே ஒரு வார்த்தை. சொல்லல.

எம் பேரு சிதம்பரநாதன். கோவில்பட்டியில இன்சூரன்ஸ்னா என்னையத்தான் கைகாட்டுவாங்க, அது ஒரு காலம். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியில இருந்து கடலைமிட்டாய்க் கடைக்காரர் வரைக்கும் எங்கிட்ட பாலிசி எடுக்காத ஆள் குறைவு. என்ன சூட்சுமம்னு சின்னப் பயலுக வந்து கேப்பானுக. ஒரு சூட்சுமமும் கிடையாது. எதிராளி வேண்டாம்னு சொல்ல வாயத் திறக்குததுக்குள்ள நாம அடுத்த விஷயத்துக்குப் போயிரணும். அவன் புள்ளை என்ன படிக்கான்னு கேளு, அவன் பதில் சொல்லும்முன்ன நம்ம புள்ளை படிக்கதைச் சொல்லு. அந்த வேண்டாம் தொண்டையிலேயே நின்னுரும். அவ்வளவுதான் தொழில்.

புள்ளைன்னா ஒரே புள்ளை. அருணகிரி. நாங்க கிரின்னு கூப்பிடுவோம். கலிஃபோர்னியாவுல கம்ப்யூட்டர் வேலை. மருமக ரேணுகா, இந்த ஆத்தூர்காரிதான், அவளும் அங்கதான் வேலை பாக்கா. தங்கமான பொண்ணு. அதிகமா பேச மாட்டா. எங்க வீட்டுக்காரி மாதிரியே.

எங்க வீட்டுக்காரி போய்ச் சேந்து ரெண்டு வருஷம் ஆகுது. அவளும் அப்படித்தான், வாயில இருந்து வார்த்தை விழாது. முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினோம், ஒரு குறை சொன்னதில்ல. நெஞ்சு வலிக்குதுன்னுகூட எங்கிட்ட சொல்லலன்னா பாத்துக்கிடுங்களேன். பக்கத்து வீட்டு டீச்சரம்மாகிட்ட சொல்லியிருக்கா. எங்கிட்ட சொல்லல. என்னைக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு அவ்வளவு நினைப்பு.

போன வருஷம் கிரி போன் போட்டான். “அப்பா, ஒரு மாசம் இங்க வந்து இருந்துட்டுப் போங்க. ஒரு விஷயம் நேர்ல பேசணும்”னான். நேர்ல பேசணும்னா என்னவா இருக்கும்? நீங்களே சொல்லுங்க. கல்யாணம் ஆகி ஏழு வருஷம், புள்ளை இல்ல. இப்ப நேர்ல வாங்க, ஒரு விஷயம் இருக்குங்கான். எனக்குப் புரியாதா? என்ன ஏதுன்னு கேக்கவே இல்ல நான். பீரோவுல எங்க வீட்டுக்காரி பட்டுத்துணியில சுத்தி வச்சிருந்த வெள்ளிக் காப்பு, கிரி கைக்குழந்தையா இருக்கையில போட்டது, அதை எடுத்துப் புளி போட்டுத் தேய்ச்சு, பெட்டியில அடியில வச்சுக்கிட்டுப் புறப்பட்டுட்டேன்.

போய்ப் பாத்தா, வீடுன்னா வீடு, அப்படி ஒரு அமைதி. ஒரு சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் என்ன மரியாதைங்கீங்க! பாத்திரத்தக் கழுவிக் கொடுத்தா தேங்க்ஸ். சாவிய எடுத்துக் கொடுத்தா தேங்க்ஸ். “நீ குளிக்கப் போறியா, இல்ல நான் போகட்டுமா?” “நீ போ, பரவாயில்ல.” இப்படியே பேசிக்கிடுவாங்க. நாங்கல்லாம் ஒரு துண்டுக்குச் சண்டை போட்டவங்க. அதாவது நான் போடுவேன், அவ எடுத்துக் கொடுப்பா. இதுக எவ்வளவு பக்குவமா குடும்பம் நடத்துதுகன்னு எனக்கு அப்படி ஒரு சந்தோசம். சாப்பாட்டு நேரத்துல மட்டும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு இருப்பாங்க. ஏதோ சொல்ல வருத மாதிரி இருக்கும். சின்னஞ்சிறுசுக, வெக்கம்னு நான் பேச்சை மாத்திருவேன்.

நான் திரும்பி வருததுக்கு முந்தின வாரம் கிரி சொன்னான், “அப்பா, கடற்கரைப் பக்கம் கேம்பிங் போறோம். ரெண்டு ராத்திரி தங்கலாம்.” எதுக்குல, வீடு இருக்கையில காட்டுல படுக்கணும்னு கேட்டேன். “இல்லப்பா. அங்க சிக்னல் கிடைக்காது. டிவி இல்ல, போன் இல்ல. உக்காந்து பேசலாம்”னான். எனக்கு அந்த போன் ஒரு பழக்கம் தம்பி. ஊர்ல யாருக்காவது போட்டுப் பேசிக்கிட்டே இருப்பேன். அவன் வாயத் திறக்குத நேரம் பாத்து எனக்கு ஏதாவது போன் வந்துரும்.

கடலோரமாவே ரோடு போகுது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். கடல்னு அவன் சொன்னான், நான் பாக்கல. ஒரே மூட்டம். ஆடி மாசம் பாத்துக்கிடுங்க, நம்ம ஊர்ல மண்டை பிளக்கும், அங்க பாலைக் கொட்டி விட்ட மாதிரி பனி. குளிருன்னு சொல்ல முடியாது, வெயில்னும் சொல்ல முடியாது. ஈரத்துணியை மேல போத்துன மாதிரி ஒரு இது. கோடை முழுக்க அந்தக் கரையில அப்படித்தானாம். வண்டிக்கு முன்னால நாலு முழத்துக்குத்தான் ரோடு தெரியுது.

ரேணுகா முன்னால உக்காந்திருந்தா. பாட்டு ஓடிக்கிட்டிருந்துச்சு, அதை நிறுத்தினா. பின்னால திரும்பி, “மாமா, உங்ககிட்ட ஒண்ணு பேசணும்”னா. பேசலாம்மா, பேசத்தான போறோம்னேன். சொல்லிட்டு, பேச்சுன்னதும் எனக்கு எங்க வீட்டுக்காரி குற்றாலத்துக்கு வேன்ல வந்தப்ப வாந்தி எடுத்தது ஞாபகம் வந்துச்சு, அதைச் சொன்னேன். அது பெரிய கூத்து, டிரைவர் மேலயே எடுத்துட்டா. சிரிச்சுச் சிரிச்சு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. சொல்லி முடிக்கையில ரேணுகா திரும்பிப் பாட்டைப் போட்டிருந்தா.

கேம்ப் போடுத இடம் ஒழுங்கு பண்ணி வச்சிருக்கான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு இடம், ஒரு மரமேசை, நெருப்பு போட ஒரு இரும்பு வளையம். சாப்பாட்டுச் சாமானப் பூட்டி வைக்க ஒரு இரும்புப் பெட்டி, இல்லன்னா ஏதோ மரநாய் மாதிரி ஒண்ணு வந்து தின்னுருமாம். சுத்தி உசர உசரமா மரம், அதுல இருந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கு. மழை இல்ல, பனி. மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் அலைச்சத்தம் கேக்கு. கடல் தெரியல. நடுநடுவுல எங்கேயோ ஒரு ஊதல், கன்னுக்குட்டியைப் பிரிச்சுக் கட்டின மாடு கத்துமே, அது மாதிரி. கப்பல்காரனுக்கு எச்சரிக்கையாம்.

கிரியும் ரேணுகாவும் டென்ட் அடிச்சாங்க. ஒருத்தர் கம்பியைப் பிடிக்க, ஒருத்தர் துணியை மாட்ட. அதுலயும் தேங்க்ஸ். பாத்துக்கிட்டே இருக்கேன், ஒண்ணு ஆச்சு, ரெண்டு ஆச்சு, மூணாவது ஒண்ணையும் பிரிக்காங்க. மூணு டென்ட்! கிரி எம்பக்கத்துல வந்து நின்னான். “அப்பா, மூணு டென்ட் எதுக்குன்னு தெரியுதாப்பா?”ன்னான். இது தெரியாதா, ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு சாமானுக்குன்னேன். அமெரிக்காக்காரன் சாமானுக்குக்கூட வீடு கட்டுவான்லன்னு சிரிச்சேன். அவன் என்னைய ஒரு மாதிரி பாத்தான். அப்புறம் ம்னுட்டுப் போயி ஆப்பு அடிக்க ஆரம்பிச்சுட்டான். அடிச்ச அடியில ஒரு ஆப்பு வளைஞ்சே போச்சு.

சாயங்காலம் நெருப்பு போட்டோம். விறகெல்லாம் ஈரம், எரிய மாட்டேங்குது. புகை மட்டும்தான். கிரி ஊதி ஊதிப் பாக்கான். ரேணுகா இட்லி கொண்டு வந்திருந்தா, மிளகாய்ப்பொடி தடவி. சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிச்சதும் ரெண்டு பேரும் எனக்கு எதிர்ல வந்து உக்காந்தாங்க. சேந்து உக்காரல, நடுவுல ஒரு ஆள் உக்காரலாம். ரெண்டு பேரும் கையைக் கோத்து மடியில வச்சுக்கிட்டு, பரிட்சை எழுதப் போற புள்ளைங்க மாதிரி.

“மாமா”ன்னா ரேணுகா. “நாங்க ரெண்டு பேரும் ஒரு முடிவு எடுத்திருக்கோம். நீங்க கோவப்படக் கூடாது. முதல்ல நாங்க சொல்றதை முழுசா...”

நான் கையைக் காட்டி நிறுத்திட்டேன். சொல்லாதம்மா, சொல்லவே வேண்டாம், எனக்குத் தெரியும்னேன்.

கிரி எந்திரிச்சுட்டான். “தெரியுமா? எப்படிப்பா?”

தகப்பனுக்குத் தெரியாதா, மூஞ்சியைப் பாத்தா தெரியாதா, வந்த அன்னைக்கே கண்டுபிடிச்சுட்டேன்லன்னேன். ரேணுகா மூஞ்சியில அப்படி ஒரு நிம்மதி தம்பி. நான் பாத்தேன். அந்தப் புகையிலயும் நல்லாத் தெரிஞ்சுது. “நிஜமாவா மாமா? உங்களுக்கு வருத்தம் இல்லையா?”ன்னா. எதுக்கும்மா வருத்தம், இதுக்காகத்தான நான் உயிரை வச்சுக்கிட்டு இருக்கேன்னு சொல்லி, கோட்டுப் பைக்குள்ள இருந்து பட்டுத்துணியை எடுத்துப் பிரிச்சு, அந்த வெள்ளிக் காப்பை அவ கையில வச்சேன். கிரிக்கு அவங்க அம்மா போட்டது, இனி உங்க புள்ளைக்குப் போடு, ஆணா இருந்தாலும் சரி பொண்ணா இருந்தாலும் சரி, பொண்ணா இருந்தா உங்க அத்தை பேரு வைக்கணும், அது ஒண்ணுதான் எனக்கு வேணும்னேன்.

அவ அந்தக் காப்பையே பாத்துக்கிட்டு இருந்தா. இவ்வளவூண்டு காப்பு, அவ பெருவிரல்லதான் போகும். அப்புறம் எந்திரிச்சா. வாயைப் பொத்திக்கிட்டு அந்த மூட்டத்துக்குள்ள போனா பாருங்க, ரெண்டு எட்டுலயே ஆளைக் காணோம். ஓக்களிக்குத சத்தம் மாதிரி ஒண்ணு கேட்டுச்சு. ஏல, வாந்தி எடுக்காடா, கூடப் போய் முதுகைத் தடவி விடுன்னேன். கிரி அசையல. நெருப்பையே பாத்துக்கிட்டு நின்னான். “அப்பா, அது வாந்தி இல்லப்பா”ன்னான். உனக்கென்னல தெரியும், உன்னைய வயித்துல வச்சிருக்கையில உங்கம்மா மல்லிப்பூ வாசத்துக்கே வாந்தி எடுப்பான்னு அந்தக் கதையைச் சொன்னேன். எல்லாம் சொன்னேன். அவன் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான். கொஞ்ச நேரம் கழிச்சு அவனும் எந்திரிச்சுப் போயிட்டான்.

நான் ரொம்ப நேரம் அந்தப் புகைக்கு முன்னாடி உக்காந்திருந்தேன். மனசு நிறைஞ்சு போயி இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது, எங்க வீட்டுக்காரி போனதுக்கப்புறம் எனக்கு அப்படி ஒரு சந்தோசம் வந்ததே இல்ல.

விடிஞ்சதும் பாக்கேன், ரேணுகா அந்த மூணாவது டென்ட்ல இருந்து வெளிய வாரா. தலை கலைஞ்சு, கண்ணெல்லாம் வீங்கி. சாமான் எடுக்கப் போனியாம்மான்னேன். அவ நேரா எங்கிட்ட வந்து, “மாமா, இதை நீங்களே வச்சுக்கோங்க”ன்னு காப்பை நீட்டுதா. எனக்குச் சுருக்குன்னுச்சு. பெரியவங்க கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கலாமா? அவ விரலை ஒவ்வொண்ணா மடக்கி, காப்பை உள்ள வச்சு மூடிட்டேன். “மாமா, ப்ளீஸ், கேளுங்க”ன்னா. ஒண்ணும் கேக்க மாட்டேன், இந்த விஷயத்துல உன் பேச்சைக் கேக்கவே மாட்டேன்னுட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுக் கடலைப் பாக்கக் கிளம்பிட்டேன்.

கிரி பின்னாலயே வந்தான். மணல்மேடு ஏறி இறங்கினா கடல். அப்பவும் தெரியல! காலுக்கு முன்னால அலை வந்து நுரையைப் போட்டுட்டுப் போகுது, அதுக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல, வெள்ளைச் சுவர். தண்ணிக்குள்ள இறங்கக் கூடாதாம், திடீர்னு ஒரு பெரிய அலை வந்து இழுத்துக்கிட்டுப் போயிருமாம், போர்டு வச்சிருக்கான். ரெண்டு பேரும் ஓரமா நடந்தோம். நான் பேசிக்கிட்டே போறேன். வளைகாப்பை ஆத்தூர்ல வைக்கணுமா கோவில்பட்டியிலயா, சம்பந்திகிட்ட யார் முதல்ல சொல்லுதது, பிரசவத்துக்கு இங்க கூட்டிட்டு வரணுமா அங்கயா. சொல்லிக்கிட்டே போறேன்.

“அப்பா!”ன்னு ஒரு கத்து கத்தினான் தம்பி. எம்மவன் எங்கிட்ட குரலை ஒசத்தினதே இல்ல. “ஒரு நிமிஷம் பேசாம இருங்கப்பா. உங்க கால்ல விழுறேன். ஒரே ஒரு நிமிஷம்.”

மூடிட்டேன். சத்தியமா வாயை மூடிட்டேன்.

அலைச்சத்தம். அந்த ஊதல். வேற ஒண்ணும் இல்ல. அவன் என்னையப் பாத்து வாயத் திறந்தான். மூடினான். திரும்பவும் திறந்தான். “அப்பா, ரேணுவும் நானும்...”னான். அதுக்கு மேல வரல. அப்படியே ஈரமணல்ல குத்தவச்சு உக்காந்துட்டான். தோள் குலுங்குது. அலை வந்து செருப்பை நனைக்குது, அதுகூடத் தெரியல அவனுக்கு. நான் காத்துக்கிட்டுத்தான் நின்னேன். நீங்களே சொல்லுங்க, அப்ப சொல்லியிருக்கலாம்லா? நான் குறுக்க பேசினேனா? சொல்ல வேண்டியதுதான? இடம் கொடுத்தேனே!

எவ்வளவு நேரம் பாத்துக்கிட்டு நிக்க? ஆம்பளைப் புள்ளை அழுதா தகப்பனால தாங்க முடியாது தம்பி. உங்களுக்கு இனிமேதான் தெரியும். நானும் பக்கத்துல உக்காந்து, அம்மாவை நினைச்சுக்கிட்டியால, நானும் அதான் நினைச்சேன், அவ இருந்து இதைப் பாக்கக் கொடுத்து வைக்கலயேன்னேன். அவன் என்னைய நிமிந்து பாத்தான். அழுகை நின்னு போச்சு. அப்படியே டக்குன்னு நின்னு போச்சு. நான்தான் அவனைத் தேத்தி, தோள்ல கையைப் போட்டு, அவன் அம்மாவைப் பத்திச் சொல்லிக்கிட்டே கூட்டிட்டு வந்தேன்.

ரேணுகா அந்த மரமேசைகிட்ட நின்னுக்கிட்டிருந்தா. கிரி மூஞ்சியைப் பாத்தா. “சொல்லிட்டியா?”ன்னா. அவன் இல்லைன்னு தலையாட்டினான். எதைம்மா சொல்லணும்னு கேட்டேன் தம்பி. நான் கேட்டேன். “ஒண்ணுமில்ல மாமா. காபி ஆறுது, குடிங்க”ன்னுட்டா. அன்னைக்கே டென்ட்டைச் சுருட்டிட்டாங்க. இன்னொரு ராத்திரி இருக்கேன்னேன். மூட்டம் விலகாதுப்பா, போயிரலாம்னான் கிரி.

கிளம்புத அன்னைக்கு ஏர்போர்ட்ல ரேணுகா எங்கால்ல விழுந்தா. விழுந்தவ எந்திரிக்கவே இல்ல. ரெண்டு பாதத்தையும் பிடிச்சுக்கிட்டு அப்படியே கிடக்கா, போறவன் வாறவன் எல்லாம் பாக்கான். அப்புறம் எந்திரிச்சு, “மாமா, மாத்திரையை நேரத்துக்குப் போடுங்க. நான் என்னைக்கும் உங்களுக்குக் கெட்டது நினைச்சதில்ல. அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க”ன்னா. பைத்தியக்காரி, இதெல்லாம் சொல்லணுமா, அடுத்த தடவை நான் வாரப்ப மூணு பேரா நிக்கணும்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன்.

ஊருக்கு வந்து, விசேஷம் எத்தனாவது மாசம்னு கிரிகிட்ட கேப்பேன். “அப்பா, அப்படி எதுவும் இல்லப்பா”ம்பான். கண் பட்டுரும்னு மறைக்கான், நல்லதுதான்னு விட்டுட்டேன். தூத்துக்குடியில ஒரு கல்யாணம், பந்தியில சம்பந்தி எனக்கு அடுத்த இலையில வந்து உக்காந்தாரு. நம்ம வீட்டு நல்ல காரியம் எப்பன்னு நான் கேக்கேன். அவரு கையில எடுத்த சோறை இலையிலயே வச்சுட்டாரு. “என்ன பேசுதீங்க? எல்லாம் போன மாசமே கோர்ட்டுல முடிஞ்சுட்டுதே. கேம்ப் போன இடத்துல வச்சு உங்ககிட்ட சொல்லப் போறோம்னுதான எங்ககிட்ட சொன்னாங்க. அதுக்குத்தான உங்களை அவ்வளவு தூரம் கூப்பிட்டதே. சொல்லலையா?”ன்னாரு.

சொல்லலன்னேன். ஒரு வார்த்தை சொல்லலன்னேன். பந்தியில அத்தனை பேரும் திரும்பிப் பாக்கான். ரசம் ஊத்த வந்தவன் அப்படியே நின்னுட்டான். அவரு என்னையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, “சொல்லியிருப்பாங்க. நீங்க...”ன்னு ஏதோ ஆரம்பிச்சாரு. நான் விடல. எம்மவனை எனக்குத் தெரியாதா? சொன்னா எனக்குக் கேக்காதா? எங்காது என்ன செவிடா? அவரு இலையை மடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

கிரிக்கு போன் போட்டேன். காரணம் சொல்லுல, எனக்குக் காரணம் தெரியணும்னேன். “அப்பா, நாலு வருஷமா நாங்க ரெண்டு பேரும்...”னு ஆரம்பிச்சான். நாலு வருஷம் என்னல நாலு வருஷம், நானும் உங்கம்மாவும் முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தலையா, அவ ஒரு நாளாவது மூஞ்சியைத் தூக்கினாளான்னேன். திரும்பவும் என்னல காரணம்னேன். “ஒண்ணுமில்லப்பா”ன்னான். இன்னைக்கு வரைக்கும் எனக்குக் காரணம் தெரியாது. ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கான்.

ஆத்தூருக்கு ரெண்டு தடவை வந்துட்டேன். முதல் தடவை காபி கொடுத்தாங்க. நான் பேசினேன், சம்பந்தியும் அந்தம்மாவும் தலையைக் குனிஞ்சுக்கிட்டே கேட்டாங்க. கடைசி பஸ்ஸுக்கு எந்திரிச்சு வந்தேன். ரெண்டாவது தடவை அந்தம்மா கதவை அரைக்குத் திறந்து, அவுக வெளிய போயிருக்காகன்னுச்சு. அவரு செருப்பு வாசல்ல கிடக்கு. நான் பாக்காத மாதிரி வந்துட்டேன். இப்ப ரேணுகா லீவுல வந்திருக்கான்னு கேள்வி. அவகிட்ட நேர்ல பேசிட்டா சரியாயிரும். பேசித் தீக்க முடியாதது எதுவும் உண்டா? அவளுக்கு வேற இடம் பாக்காங்கன்னும் ஒரு பேச்சு இருக்கு. இருக்காது. இருந்தாலும் இப்பவே போயிட்டா நல்லதுல்லா.

கிரிகூட பேசாமலா இருப்பேன்? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போடுவேன். நமக்குக் காலையில, அவனுக்கு முந்தின நாள் சாயங்காலம். அவன் ஸ்பீக்கர்ல போட்டு வச்சுட்டு அவன்பாட்டுக்கு வேலையைப் பாப்பான். பாத்திரம் உருளும், தண்ணி விழும். நான் பேசுவேன், அவன் நடுவுல நடுவுல ம்ம்பான். அது போதும் எனக்கு. போன வாரமும் அப்படித்தான் பேசிக்கிட்டு இருக்கேன். பாத்திரச் சத்தம் நின்னுச்சு. சாவிக்கொத்துச் சத்தம் கேட்டுச்சு. கதவைச் சாத்துத சத்தம் கேட்டுச்சு. அப்புறம் தூரத்துல கார் கிளம்பிப் போகுது.

வீட்டுல ஆள் இல்ல தம்பி. போன் மட்டும் மேசையில கிடக்கு. லைன் அப்படியே இருக்கு.

மறந்து போயிருப்பான். கடைக்கு ஏதாவது அவசரமா போயிருப்பான். எனக்கு வைக்க மனசு வரல. உள்ள ஃப்ரிட்ஜோ என்னமோ ஒண்ணு ம்ம்ம்னு உறுமிக்கிட்டே இருந்துச்சு. ஆள் இல்லாத வீட்டுல யாருக்கு என்ன போச்சுன்னு நான் பேசினேன். ஏல கிரி, சாயங்காலமானா எனக்கு வீட்டுக்குள்ள இருக்கப் பயமா இருக்குல. விளக்கைப் போட்டாலும் பயமா இருக்கு, போடலன்னாலும் பயமா இருக்கு. ராத்திரி சமைக்கதே இல்ல, பன்னும் பாலும்தான். நான் வந்தா டீக்கடையில உள்ளவனெல்லாம் எந்திரிச்சுப் போயிருதான். நீ ஒரு தடவை வந்துட்டுப் போல. இதெல்லாம் அவன் லைன்ல இருக்கையில நான் சொன்னதில்ல. எப்படிச் சொல்ல, புள்ளை வருத்தப்படுவான்லா.

எல்லாம் சொல்லி முடிச்சுட்டு, கொஞ்ச நேரம் பேசாம இருந்தேன். எதிர்ல யாராவது ஏதாவது சொல்லுவாங்களான்னு காதுல வச்சுக்கிட்டே இருந்தேன். அப்புறம் எம்போன்ல சார்ஜ் தீந்து, அதுவா நின்னு போச்சு.